கத்தரி எடுக்கும் முன்

"பழைய துணிக்குப் பாத்திரம்!" என்று கூவிக்கொண்டு சைக்கிளில் வருவாரே, அவரை உங்களில் பெரிய பிள்ளைகள் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அவர் கேரியரில் எவர்சில்வர் மட்டும்தான் இருக்கும். ஜரிகை போட்ட சேலை இரண்டு கொடுத்தால் ஒரு தூக்கு கிடைக்கும். போகப்போக எவர்சில்வர் குறைந்து, நீலத்திலும் சிவப்பிலும் பிளாஸ்டிக் பக்கெட், முறம், குடம் என்று ஏறிவிட்டன. எங்கள் தளவானூர்த் தெருவில் பெண்கள் அவரோடு பேரம் பேசுவதைத் திண்ணையில் தையல் மிஷினை மிதித்தபடியே கேட்டிருக்கிறேன். இரண்டு பருத்திச் சேலையைக் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டை வாங்கிவிட்டு, ஜெயித்துவிட்ட முகத்தோடு உள்ளே போவார்கள். கொஞ்ச நாளில் அதன் பிடி பிய்ந்துவிடும், அப்புறம் அடி விரிசல் விடும். கடைசியில் அது ஏரிக்கரைக் குப்பையில் கிடக்கும். பிளாஸ்டிக்கை யாரும் நம் வீட்டில் திணித்துவிட்டுப் போகவில்லை, பிள்ளைகளா. துணியைக் கொடுத்து, பேரம் பேசித்தான் வாங்கி வைத்தோம்.

இப்போது அந்தப் பேரத்தைத் திருப்பிப் போடச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டே கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை வரும் இயந்திரத்தை வைத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனாலும் கடையில் கால் கிலோ தக்காளி கேட்டால் கேரி பேக் கேட்காமலே வருகிறது. அதனால்தான் விடுமுறையானால் தெருப் பிள்ளைகள் பழைய துணியைச் சுருட்டிக்கொண்டு என் திண்ணைக்கு வருகிறார்கள். வந்ததும் எல்லாருக்கும் கை போவது கத்தரிக்கோல் மேல்தான். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் நான் பேச ஆரம்பிப்பேன்.

முதலில் பார்க்க வேண்டியது, அது பழைய துணியா, வெறுமனே அலுத்துப்போன துணியா என்பதை. ஒரு பாப்பா போன முறை அண்ணன் சட்டையைக் கொண்டு வந்தாள். காலரும் கையும் நன்றாக இருந்தன. பொத்தான் ஒன்றுதான் இல்லை. அதை வெட்டி பென்சில் பை தைக்க வேண்டுமாம். காணொளியில் அப்படித்தான் காட்டுகிறார்களாம். பொத்தான் தைக்க ஒரு முழ நூல் போதும். அந்தச் சட்டையை அவள் தம்பி இன்னும் இரண்டு வருஷம் போடலாம். உடுத்தக்கூடிய துணியை வெட்டிப் பொம்மை செய்வது எனக்குக் கைவேலையாகத் தெரியவில்லை, அழகாக வீணடிப்பதாகத்தான் தெரிகிறது. உடுத்த முடிந்தவரை உடுத்து. தம்பிக்கோ பக்கத்து வீட்டுக்கோ ஆகுமா பார். ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போடு. அதற்கும் தாங்காத துணிதான் கத்தரிக்கு.

கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரத்தில் பழைய துணி மலை மலையாகக் கிடந்தது. வீடு இழந்தவர்களுக்கு என்று ஊர் ஊராக அனுப்பியது. கிழிந்ததும் அழுக்கானதும் அந்த மக்கள் உடுத்தவே மாட்டாத வகைகளும் அதில் கலந்திருந்தன. எல்லாம் போன நிலையிலும் அவர்கள் அதைத் தொடவில்லை. அது அவர்களுடைய மானம். 1999-ல் டெல்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பு அந்தக் குவியலைப் பிரித்துப் பயனாக்கும் வேலையில் இறங்கியது. பின்னால், 2015-ல், அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. உடுத்தத் தக்கதை உடுத்தக் கொடு. கிழிந்ததைத் தானம் என்று யார் தலையிலும் கட்டாதே. கிழிசலுக்கு உன் வீட்டிலேயே வேலை இருக்கிறது.

அடுத்து, அது என்ன துணி? சேலை, சட்டை, பேன்ட் என்று பெயர் சொன்னால் போதாது, நூல் என்ன என்று தெரிய வேண்டும். இதற்கு ஒரு பழைய தையல்காரப் பரிசோதனை உண்டு. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்ய வேண்டியது. ஒரு தட்டில் தண்ணீர் வைத்துக்கொள்கிறேன். துணியின் ஓரப் பிசிறிலிருந்து நாலைந்து இழையை உருவி, முறுக்கி, இடுக்கியில் பிடித்து மெழுகுவர்த்திச் சுடருக்குக் கொண்டு போகிறேன். பருத்தி என்றால் சட்டென்று பற்றும், மஞ்சளாக எரியும், காகிதம் எரிந்த வாசனை அடிக்கும். மிச்சம் சாம்பல், விரலில் தேய்த்தால் திருநீறாக உதிரும். பட்டு என்றால் தலைமுடி பொசுங்கிய நாற்றம். பாலியஸ்டர் என்றால் இழை சுடரைக் கண்டதுமே பயந்தது மாதிரி சுருங்கும். பிறகு உருகிச் சொட்டும், கரும்புகை வரும். ஆறியதும் கறுப்பாக ஒரு மணி உருண்டு நிற்கும். நகத்தால் அழுத்தினாலும் உடையாது. கலப்புத் துணியில் சாம்பலுக்குள்ளே கடுகு மாதிரி கட்டி தட்டுப்படும்.

அந்தக் கறுப்பு மணியைப் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து உருட்டிப் பார்க்கச் சொல்வேன். "தாத்தா, இது பிளாஸ்டிக் மாதிரி இருக்குது" என்பான் ஒருவன். மாதிரி இல்லடா தம்பி, பிளாஸ்டிக்கேதான். தண்ணீர் பாட்டில் செய்யும் பொருளும் இந்த இழை செய்யும் பொருளும் ஒன்று. பெட்ரோலியத்திலிருந்து வருவது. 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இரண்டு பேர் கண்டுபிடித்தார்கள். டெரிலீன் என்று பெயர் வைத்தார்கள். நம் ஊருக்கு டெரிகாட்டனாக வந்தபோது என் கடையில் என்ன பாடுபட்டார்கள் என்கிறீர்கள்! கல்யாண மாப்பிள்ளைக்கு டெரிகாட்டன் பேன்ட் இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டில் முகம் சுளிப்பார்கள். இஸ்திரி போட வேண்டாம், சாயம் போகாது, கிழியவே கிழியாது என்று சொல்லித்தான் நானும் விற்றேன். அத்தனையும் உண்மை. கிழியாது, மக்காது. மண்ணில் புதைத்தாலும் நாளாக நாளாகத் தூளாகும், மண்ணாகாது.

துவைக்கும்போதே அது இழை இழையாகத் தண்ணீரில் கழன்று போகிறது. கண்ணுக்குத் தெரியாத துகள்களாகக் கடலுக்குப் போய்ச் சேரும் பிளாஸ்டிக்கில் சுமார் 35 சதவீதம் செயற்கை இழைத் துணிகளைத் துவைப்பதால் வருவது என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2017-ல் கணக்குச் சொன்னது. ஆகவே, பழைய நைலக்ஸ் சேலையில் பாத்திரம் தேய்க்கும் துணி செய்துவிட்டு 'எங்கள் வீட்டுச் சமையலறையில் பிளாஸ்டிக் இல்லை' என்று சொல்லாதீர்கள். தேய்க்கத் தேய்க்க அதிலிருந்து கழல்வது பிளாஸ்டிக்தான்.

அதற்காகப் பாலியஸ்டரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எறிந்தால் எங்கே போகும்? சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தில், வேறு நாடுகள் கழித்துவிட்ட துணிகள் மணல்மேடு போலக் குவிந்து கிடக்கும் படத்தைப் பிள்ளைகளுக்கு என் மருமகள் செல்போனில் காட்டினாள். அடிக்கடி துவைக்கத் தேவையில்லாத, நெருப்புப் பக்கம் போகாத வேலைக்கு அதை வைத்துக்கொள்ளலாம். கடைக்குப் போகிற பைக்கு அதுவே உத்தமம், பாரம் தாங்கும். அடுப்படிக்கு மட்டும் கூடாது. சூடான பாத்திரம் இறக்கும் கரித்துணியைப் பாலியஸ்டரில் தைத்தால், உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். மெழுகுவர்த்தியில் பார்த்தீர்களே, அதுதான் உள்ளங்கையில் நடக்கும். அடுப்படிக்குப் பருத்தி, அதுவும் மூன்று நான்கு மடிப்பாக.

இனி பை. எல்லார் வீட்டிலும் நிறையக் கிடப்பது பள்ளிச் சீருடை. சத்துணவுத் திட்டத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு அரசே ஆண்டுக்கு நாலு செட் கொடுக்கிறது. பிள்ளை வளர்கிற வேகத்தில் பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும், முழங்கால் நைந்துவிடும், தொடைப் பகுதி மட்டும் புதுசு மாதிரி இருக்கும். பாலியஸ்டர் கலந்த துணி, நெசவு நெருக்கம். ரேஷன் கடைக்கு இதைவிட நல்ல பை கிடையாது.

பை தைக்கத் தெரியும் என்று சொல்கிற பலருக்கும் கைப்பிடி வைக்கத் தெரியாது. இரண்டு துண்டு நாடாவைப் பையின் வாயில் வைத்து ஒரு அடி அடித்துவிடுவார்கள். சீனி இரண்டு கிலோ தாங்கும். அரிசி போட்டால் வழியிலேயே ஒரு பக்கம் பிய்ந்துகொள்ளும், எல்லாம் தெருவில். பாரம் தையலில் நிற்கக் கூடாது, நாடாவில் நிற்க வேண்டும். அதனால் நாடாவை நீளமாக வெட்டி, பையின் அடியைச் சுற்றி வந்து இரண்டு பக்கமும் மேலே ஏறிக் கைப்பிடியாகும்படி ஒரே வளையமாக வையுங்கள். அரிசி மூட்டையைக் கயிறு போட்டுக் கட்டித் தூக்குகிறோமே, அதே கணக்கு. நாடா பையின் வாயைத் தாண்டுகிற இடத்தில் ஒரு சதுரம் தைத்து, மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு கோடு ஓட்டுங்கள். மிஷின் இல்லாவிட்டால் கையாலேயே, ஒரு தையல் முன்னே போனால் பாதி பின்னே வரும் கெட்டித் தையலாக. நூலை இரட்டையாகக் கோத்துக்கொள்ளுங்கள். ஊசிக் கண்ணில் நுழையாவிட்டால் நுனியை எச்சில் தொட்டுத் தட்டையாக்குவது என் பழக்கம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் 'சீ' என்கிறார்கள், தண்ணீர் தொட்டுக்கொள்ளட்டும்.

தைத்து முடித்ததும் பையை வேப்பமரத்து ஆணியில் மாட்டி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, அளந்து போடுவோம். எட்டு வயசுக் கண்ணு ஒருத்தி தைத்த பை முதல் தடவை அரை மரக்காலிலேயே மூலையில் வாய் திறந்தது. அழவில்லை. பையைக் கழற்றி, உள்பக்கம் புரட்டி, எந்தத் தையல் விட்டது என்று தானே தேடினாள். மூலையில் பிசிறுக்கு ரொம்ப ஓரமாக ஊசி போட்டிருந்தாள். விரல் அகலம் உள்ளே தள்ளித் தைத்தாள். அப்புறம் தாங்கியது. எதற்காக மடிப்பு விட வேண்டும் என்பதை நான் ஆயிரம் தடவை சொன்னாலும் அப்படிப் புரிந்திருக்காது.

ஊசி என்றதும் பையன்கள் நழுவப் பார்ப்பார்கள். "அது பொம்பளைங்க வேலை, தாத்தா." என் அப்பா, பெரியப்பா, நான், எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர், செஞ்சிக் கடைத்தெருவில் என் காலத்தில் மிஷின் போட்டிருந்த அத்தனை பேரும் ஆம்பளைகள்தான் என்று சொன்னால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். கூலி வந்தால் ஆம்பளை வேலை, கூலி இல்லாமல் வீட்டுக்குச் செய்தால் பொம்பளை வேலையா? இந்தக் கேள்விக்கு அவர்களுடைய அப்பாக்களிடமிருந்தும் எனக்கு இன்னும் பதில் வரவில்லை.

பழைய துணியில் ஏன் தைக்க வேண்டும், புதுத் துணிப்பையே விற்கிறதே என்று கேட்கலாம். டென்மார்க் நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை 2018-ல் கணக்குப் போட்டது. புதுப் பருத்தியில் செய்த பை ஒரு பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமானால், தட்பவெப்பக் கேட்டை மட்டும் எண்ணினால் 52 தடவையும், தண்ணீர், மண், காற்று என்று எல்லாக் கேட்டையும் சேர்த்தால் 7,100 தடவையும் பயன்படுத்த வேண்டுமாம். இயற்கை முறைப் பருத்தி என்றால் 20,000. தினம் ஒரு தடவை கடைக்குப் போனாலும் ஐம்பது வருஷத்துக்கு மேல். இதைச் சிலர் பிளாஸ்டிக்குக் கொடி பிடிக்கக் காட்டுகிறார்கள். அந்தக் கணக்கில் தெருவில் பறக்கும் பை சேரவில்லை, மாடு தின்ற பையும் சேரவில்லை. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுத்து எடுத்தார்கள். டென்மார்க்கில் மாடு தெருவில் மேய்வதில்லை. நம் ஊரில் மேய்கிறது. ஆனால் அந்தக் கணக்கிலிருந்து ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன்: பருத்தி சும்மா விளையவில்லை. தண்ணீர் குடித்து, மருந்து குடித்து, நூலாகி, சாயமேறி வந்தது. ஏற்கெனவே அந்தக் கடன் எல்லாம் பட்டு நம் வீட்டுக்கு வந்துவிட்ட துணி பீரோவில் கிடக்கும்போது, விழாவுக்கு விழா புதுத் துணிப்பை அச்சடித்துக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. பேர் போட்ட பை வீட்டுக்கு வீடு கட்டுக் கட்டாகச் சேர்ந்துவிட்டது. அதுவும் குப்பைதான், கொஞ்சம் மரியாதையான குப்பை.

நைந்த வேட்டிக்குத்தான் வீட்டில் வேலை அதிகம். நைந்த வேட்டி மாதிரி மெத்தென்று, தண்ணீர் இழுக்கும் துணி புதிதில் கிடைக்காது. இட்லித் துணிக்கு அது. ஊறுகாய் ஜாடிக்கும் தயிர்ச் சட்டிக்கும் வேடு கட்ட அது. ஃபிரிட்ஜில் கீரையையும் கொத்தமல்லியையும் பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்து அழுகும். வேட்டித் துண்டை நனைத்துப் பிழிந்து சுற்றி வையுங்கள், வாடாது. சின்னப் பிள்ளைகளுக்கு ஊசி வேண்டாம், கால்மிதி கொடுங்கள். பழைய சேலையை நான்கு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் கிழிக்கச் சொன்னால் போதும், அந்தச் சத்தத்துக்கே வரிசையில் நிற்பார்கள். மூன்று பட்டையைச் சேர்த்து ஜடை பின்ன வேண்டும். ஒருவர் நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிப் பிடிக்க, ஒருவர் பின்னலாம். பட்டை தீரத் தீர அடுத்ததை முடிச்சுப் போடாமல் மடித்துத் தைத்து ஒட்ட வேண்டும். முடிச்சு காலில் உறுத்தும். பின்னலைத் தரையில் தட்டையாக வைத்து வட்டமாகச் சுற்றி, சுற்றுக்குச் சுற்று ஒரு தையல். இழுத்துச் சுற்றினால் கிண்ணம் மாதிரிக் குழிந்துவிடும், தளர்வாக விட்டுச் சுற்றுங்கள்.

வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுக் காந்தா என்று போர்வை தைக்கிறார்கள். தைக்கிற வண்ண நூலையே பழைய சேலைக் கரையிலிருந்து உருவிக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம். வட கர்நாடகத்தில் கௌதி. நம் பக்கம் இத்தனை பெயர் பெற்ற கலை இல்லை, ஆனால் தூளியிலிருந்து சும்மாடு வரை பழைய சேலையில்தான் பிள்ளையும் வளர்ந்தது, பாரமும் சுமந்தோம்.

ஒன்றைத் தாத்தா பேசலாமா என்று யோசித்தேன், பேசத்தான் வேண்டும். பெண் பிள்ளைகள் மாதம்தோறும் வாங்கும் நாப்கினிலும் பெரும்பகுதி பிளாஸ்டிக். கூஞ்ச் அமைப்பு சுத்தம் செய்த பழைய பருத்தித் துணியில் அதைத் தைத்துக் கொடுக்கிறது. நம் மாவட்டத்து ஆரோவில்லில் ஈகோ ஃபெம் என்ற அமைப்பு, துவைத்துப் பயன்படுத்தும் பருத்தி நாப்கின் செய்கிறது. எங்கள் காலத்திலும் பெண்கள் பழைய துணிதான் வைத்தார்கள். வெட்கத்துக்கு அஞ்சி ஈரமான மூலையில், கட்டிலுக்கு அடியில் மறைத்துக் காயப் போட்டார்கள். தப்பு துணியில் இல்லை, அந்த மறைவில் இருந்தது. வெயிலில் காய வேண்டும். கொடியில் தொங்குவதைப் பார்த்து ஆண் பிள்ளைகள் சிரிக்காமல் இருக்கவும் பழக வேண்டும்.

பை தைத்த கையோடு பிள்ளைகளை ஊர் மலைக்குக் கூட்டிப் போவேன். பல்லவ ராஜா மகேந்திரவர்மன் குடைவித்த சத்துருமல்லேஸ்வரம் குகைக்கோயில் அங்கேதான். பக்கத்தில் மண்டகப்பட்டில் அவனே, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுப்பித்ததாகப் பெருமையாகக் கல்வெட்டு வெட்டி வைத்தான். ஏழாம் நூற்றாண்டில் ராஜா நாலு பொருளைத் தள்ளி வைத்தான், நீங்கள் ஒன்றைத் தள்ளி வைக்கப் பாருங்கள் என்று கேலி செய்வேன். செஞ்சிக் கோட்டைக்கும் இப்போது கூட்டம் அதிகம். 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது இது ஒன்றுதான். கோட்டையின் ராஜகிரி மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு யோசனை: தின்பண்டத்தைத் துணிப்பையில் கட்டி எடுத்துப் போங்கள். கேரி பேக் சரசரவென்றால் குரங்கு தேடி வரும். பறித்துக்கொண்டு போய்ப் பையோடு சேர்த்துக் கடிக்கும்.

பை சேரச் சேர, "விற்கலாமா தாத்தா? பத்து ரூபாய்க்கு மெஷினே விற்குதே" என்று ஒருவன் கேட்டான். விற்பதில் தப்பில்லை. நானும் தைத்து விற்றுத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். ஆனால் சுனாமிகா பொம்மையின் கதையையும் சொன்னேன். சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லில் உபாசனா என்ற ஆடை நிறுவனத்தை நடத்தும் உமா பிரஜாபதி, கடலைப் பார்க்கவே பயந்துபோயிருந்த மீனவப் பெண்களுக்கு, தையலில் மிஞ்சும் துண்டுத் துணியில் விரல் நீளப் பொம்மை செய்யச் சொல்லிக்கொடுத்தார். பொம்மைக்கு விலை கிடையாது, கையில் கொடுப்பதுதான். வாங்கியவர்கள் மனமுவந்து கொடுத்ததில் வேலை தொடர்ந்தது. பல லட்சம் பொம்மைகள் உலகம் சுற்றின. பிள்ளைகள் கொஞ்ச நேரம் கூடிப் பேசினார்கள். தெருவில் வீட்டுக்கு ஒரு பை சும்மா கொடுப்பது, அதற்கு மேல் கேட்பவர்களுக்குப் பத்து ரூபாய் என்று முடிவானது. கூடவே ஒரு நிபந்தனை வைத்தார்கள். பையைச் செருப்பு விடும் இடத்துக்கு மேலே ஆணியில் மாட்ட வேண்டும். எடுக்காமல் கடைக்குப் போகிறவர் பாதி வழியானாலும் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். வெள்ளிக்கிழமைச் சந்தைக்குச் செஞ்சி பஸ் ஏறிவிட்ட அம்மாக்களுக்கு மட்டும் இந்த நிபந்தனை இன்னும் பிடிக்கவில்லை.